நூற்றுக்கு நாலு பைசா

இன்று காலை உங்கள் போன் அடித்தது. நீங்கள் போன பிறகும் அதற்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள். உப்புமா கிளறிக்கொண்டிருந்தவள் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிப்போய் எடுத்தேன். யாரோ ஒரு பெண். உங்கள் பெயரைச் சொல்லி, சார் இருக்கிறாரா, வீட்டுக் கடனுக்கு இப்போது எத்தனை வட்டி கட்டுகிறார், எங்கள் பேங்குக்கு மாற்றினால் அரை சதவீதம் குறையும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். நீங்கள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வெளிய போயிருக்காரு" என்றேன். எப்போது வருவார் என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன். உப்புமா அடிப்பிடித்துவிட்டது.

அவள் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஒரு மாதமாகவே இந்த அரை சதவீதம் என் தலையைத் தின்கிறது. எங்கள் பள்ளிக்கூட ஆபீசில் எல்லாரும் இதையேதான் பேசுகிறார்கள், வட்டி இறங்கிவிட்டதாம், கடனை மாற்றாதவர்கள் ஏமாளிகளாம். இந்த மாதிரி விஷயமெல்லாம் உங்களுடையது. கால் கிலோ கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருகிற ஆள் நீங்கள். நானோ கண்ணில் பட்ட கடையில் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து விலையைக் குறைத்துச் சொல்லித் தப்பிப்பவள்.

நாம் முதன்முதலில் கடன் கேட்டுப் போன பேங்க் ஞாபகம் இருக்கிறதா? மேனேஜர் "வட்டி ஒன்பது" என்றதுதான் தாமதம், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நடந்துவிட்டீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடி வந்தேன். வாசலில் நின்று, "இன்னாம்மே இது, கந்து வட்டிக்காரனே மூணு ரூபாதான் கேக்கறான், இவரு ஒம்போது கேக்கறாரு" என்றீர்கள். நம் பக்கத்தில் வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை என்றுதானே பேச்சு? சிங்கவரத்திலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டுவந்து செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் விற்றுப் பிழைத்த உங்களுக்கு வேறு வட்டி எப்படித் தெரியும்? பேங்க் சொல்வது வருஷத்துக்கு என்று நான் சொன்னதும், அங்கேயே நின்று விரலை மடக்கினீர்கள்.

"அப்போ மாசத்துக்கு முக்கா ரூபாதானா? சும்மா குடுக்கற மாதிரி இல்ல இருக்குது."

திரும்ப உள்ளே போக வெட்கப்பட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறிவிட்டோம். வழி நெடுக நீங்கள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டில் இருந்தவர் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் உங்களைப் பிடிக்க முடிந்ததா? திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று ஒரு பேங்க் விடாமல் அலைந்தீர்கள். கடைசியில் என் சம்பளம் விழுகிற பேங்கிலேயே, கடன் பிரிவு மேடத்திடம் போய் உட்கார்ந்து, "ஒரு கால் கொறைங்க மேடம், முடிச்சிக்கலாம்" என்றீர்கள். மல்லாட்டைக்குப் பேரம் பேசுகிற அதே குரல். எனக்குத் தலையைக் கவிழ்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே கால் சதவீதம் குறைத்துவிட்டார். சம்பளக் கணக்கு இங்கேயே இருப்பதால் குறைக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். நீங்களோ தெருவில் ஒருத்தர் விடாமல் பேங்க்காரனையே மடக்கிவிட்டேன் என்று சொல்லித் திரிந்தீர்கள். கடனுக்கு இன்சூரன்ஸ் போடச் சொன்னதையும் வேண்டாமென்று தள்ளி, அதையும் லாபக் கணக்கில் சேர்த்தீர்கள். அதைப் போட்டிருந்தால் நீங்கள் போனதோடு கடனும் தீர்ந்திருக்குமே.

போன வாரம் நானே திண்டிவனம் போனேன். உங்களை மாதிரி ஏறி இறங்கிப் பார்ப்போமே என்றுதான். அங்கே அரை சதவீதம் குறைவாகத் தருகிறார்கள். பழைய பேங்கில் கடனை முடித்துப் பத்திரத்தை இங்கே கொண்டுவந்துவிடலாம், புதுக் கடன் என் ஒருத்தி பெயரில்தான் இருக்கும், உங்கள் பெயர் வராது என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து உங்கள் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். அரை சதவீதம் என்றால் நூற்றுக்கு மாதம் நாலு பைசா. நாலு பைசாவுக்காக உங்கள் பெயரை எடுத்துவிடுவதா?

சென்னையில் வேலை பார்க்கும் நம் பெண் போனிலேயே கணக்குப் போட்டு, மொத்தத்தில் லட்சக் கணக்கில் மிச்சம், உடனே மாற்று என்கிறாள். "நைனா பேரு வீட்டுப் பத்திரத்துல இருக்குதேம்மா, கடன்ல இருந்தா என்ன இல்லாட்டி என்ன" என்று கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். என் தம்பியோ, மாற்றுகிற செலவே மிச்சத்தைத் தின்றுவிடும், சும்மா இரு என்கிறான். இவள் பேசும்போது இவள் சொல்வது சரி என்று படுகிறது, அவன் பேசும்போது அவன் சொல்வது. எதற்கு வம்பு, பழைய பேங்கிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போனேன்.

அதே மேடம்தான் இருந்தார். உங்களை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். எழுதிக் கொடுத்து ஒரு சின்னக் கட்டணம் கட்டினால் இங்கேயே வட்டியைக் குறைக்கலாம், அலைய வேண்டாம் என்றார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்புறம் கணக்கைத் திறந்து பார்த்து, இன்னும் இத்தனை வருஷம் பாக்கி என்று சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ரிட்டயர் ஆவதற்குள் முடிய வேண்டிய கடன், அதையும் தாண்டி ஓடுகிறது. தவணை ஒரு ரூபாய்கூட ஏறவில்லையே, அது எப்படி?

நடுவில் வட்டி ஏறியபோது, தவணையை ஏற்றட்டுமா, வருஷத்தை ஏற்றட்டுமா என்று பேங்கில் கேட்டார்களாம். நீங்கள் வந்து வருஷத்தை ஏற்றச் சொன்னீர்களாம். உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கத்தரிக்காய் விலையைத் தெருவெல்லாம் சொல்கிற மனுஷன், இதை மட்டும் ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? அவருக்குச் சரியாகப் புரியவில்லையோ என்று மேடத்திடம் கேட்டேன்.

"நல்லாப் புரிஞ்சுதும்மா. தவணை ஏறுச்சுன்னா வீட்டுல தெரிஞ்சிடும், அவ டென்ஷனாயிடுவா, வருஷமே ஏறட்டும்னாரு. அவங்க ரிட்டயர்மெண்ட் தாண்டிப் போவுதே சார்னு நான்கூட சொன்னேன். அதான் கட்டறதுக்கு நான் இருக்கேனேன்னாரு."

இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லுங்கள். திட்டுவதா, அழுவதா என்றே தெரியவில்லை. மேடம் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். வட்டி குறையும்போது மாதத் தவணையைக் குறைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் தவணையை அப்படியே விட்டு வருஷத்தைக் குறைத்துக்கொள்ளலாம், எனக்கு எது வேண்டும் என்று கேட்டார். தவணை குறைந்தால் கையில் கொஞ்சம் காசு நிற்கும். வருஷம் குறைந்தால் ரிட்டயர் ஆனபின் நிம்மதி. இரண்டும் வேண்டும் போலவும் இருந்தது, இரண்டும் வேண்டாம் போலவும் இருந்தது. யோசித்துக்கொண்டே இருந்தவள், என்னை அறியாமல், "அவர ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேங்க" என்றுவிட்டேன்.

நான் கொடுத்திருந்த உங்கள் இறப்புச் சான்றிதழ் நகல் அப்போது அவர் கையில்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகப் பேனாவை மூடினார்.

"சரிம்மா. கேட்டுட்டு வாங்க" என்றார்.

நாலைந்து நாளாகிறது. தவணையா, வருஷமா? கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.