முப்பத்தொன்பது நிமிஷம்

சார்,

பரணில் கிடந்த தகரப் பெட்டியைப் போன வாரம் மகன் இறக்கி வைத்தான். உள்ளே நான் கார் ஓட்டிய காலத்துக் காக்கிக் கோட்டு. மூக்கருகே கொண்டுபோனதும் பெட்ரோல் வாசனை வந்தது. மருமகள் மோந்து பார்த்துவிட்டு அது பாச்சை உருண்டை வாசனை என்றாள். இருக்கலாம். உள்பையில் நாலாக மடித்த உங்கள் தாள் அப்படியே இருந்தது.

அதுவரை ஐம்பது வருஷமாக அதை நான் படித்ததில்லை. எனக்கு எழுத்து தெரியாது. தெரிந்தவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னதும் இல்லை. காரணம் பயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எனக்குப் படிக்கத் தெரியும் சார். செம்பூரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பேத்தியைக் கொண்டுபோய் விடுவேன். அவள் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன். கடைப்பலகை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எது கண்ணில் பட்டாலும் நின்று படிக்கிறேன். என்னோடு வெளியே வர வீட்டில் எல்லோருக்கும் அலுப்பு. இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்து இன்று நாலாவது நாள்.

அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சுதந்திரம் வந்ததற்கு அடுத்த குளிர்காலம். யுத்தம் முடிந்து, ஊர் பார்க்க வருகிறவர்களோடு கப்பல்கள் மறுபடி பம்பாய் பல்லார்ட் பியர் துறைக்கு வர ஆரம்பித்திருந்தன. காலையில் வந்து மாலையில் போய்விடும் கப்பல்கள். இடையில் அந்தப் பயணிகளைக் கரையிறக்கி, ஊரைக் காட்டி, திரும்பவும் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். உங்கள் ஆபீசின் வேலை அது. அதற்குக் கார் பிடித்துக் கொடுப்பது என் வேலை.

மாதுங்கா காப்பிக் கடையில் வைத்துத்தான் நீங்கள் திட்டம் போடுவீர்கள். டம்ளர் பல்லார்ட் பியர். டபரா மலபார் ஹில். தண்ணீர்ச் செம்பு எலிபண்டா தீவு. தீக்குச்சிகள் கார்கள். ஒரு குச்சியை நகர்த்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள், அது நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. எட்டாவது குச்சியை எடுத்துச் சட்னிக் கிண்ணத்தின் பக்கம் வைத்தீர்கள்.

"இது உன் வண்டி, சுடலை. தாராவி."

"எங்க ஏரியாவையா பாக்க வாராக? அங்க என்னத்த சார் இருக்கு?"

"கும்பார்வாடா இருக்கே. கப்பல்ல வர ஒரு அம்மா கொழும்பிலேர்ந்து தந்தி கொடுத்திருக்கா. குகையும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம், பானை பண்றதைப் பார்க்கணுமாம். அவளே பானை பண்றவளாம், கேட்டயோ."

உங்கள் மேலதிகாரி முடியாது என்றிருந்தார். ஆபீஸ் பட்டியலில் எலிபண்டாவுக்குப் பச்சை டிக்கெட், மலபார் ஹில்லுக்குச் சிவப்பு, மார்க்கெட்டுக்கு மஞ்சள். தாராவிக்கு வர்ணமே கிடையாது. நீங்கள் முடியும் என்று வாதாடியிருந்தீர்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அடுத்த பருவத்திலிருந்து இந்தச் சுற்றுலா வேலை முழுவதும் உங்கள் பொறுப்பு, இல்லையென்றால் சரக்குப் பிரிவு என்று அவர் சொல்லிவிட்டாராம். இதை என்னிடம் சொன்னபோது உங்கள் கை ஒரு குச்சியை ஒடித்துவிட்டது. உடனே வேறொன்று எடுத்து வைத்தீர்கள்.

எழுந்து போகும்போதுதான் அதைச் சொன்னீர்கள். "நாலு மணிக்கு உன் வண்டி நாலு பேரும் பியர்ல நிக்கணும்."

சரி என்றேன்.

இதற்குமேல் நடந்ததை என் வீட்டில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தக் காலத்து பம்பாயில் ஒரே நேரத்துக்கு இரண்டு மணி இருந்தது என்றால் பேத்தி சிரிக்கிறாள். ரயிலுக்கும் கப்பலுக்கும் உங்கள் ஆபீசுக்கும் ஸ்டாண்டர்ட் டைம். முனிசிபாலிட்டிக் கடிகாரங்களுக்கும் எங்கள் தாராவிக்கும் பம்பாய் டைம். அது முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால் போகும். உங்களிடம் கைக்கடிகாரம் இருந்தது. எனக்குத் தோல் பதனிடும் ஆலையின் சங்கு.

அந்த அம்மாவையும் அவள் புருஷனையும் சிநேகிதிகள் இருவரையும் கும்பார்வாடாவில் இறக்கினேன். கொஞ்ச நேரம் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுச் சக்கரத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் பானை சரிந்தது. இரண்டாவதும் சரிந்தது. குயவர் குஜராத்தியில் திட்டினார், அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள், இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. கடைசியில் ஒரு சின்ன விளக்கு தேறியது. அதற்குள் தெருவே கூடிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "ஏ சுடலை, வெள்ளைக்காரிக்குத் தொழில் பழக்கிட்டு நீ கப்பல்ல போவப் போறியாக்கும்" என்றார்.

அவள் கையிலும் ஒரு கடிகாரம் இருந்தது. அதை எட்டிப் பார்த்தேன். காலை என்று காட்டியது. இங்கிலாந்து மணியாம். பிள்ளைகள் அங்கே எப்போது தூங்குவார்கள் என்று தெரிய வேண்டும், அதனால் மாற்றவில்லை என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டினாள். ஆக ஒரு காருக்கு மூன்று விதமான மணி.

மூன்று மணிச் சங்கு ஊதியது. நான் அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. பியருக்குள் நுழையும்போது என் கணக்குக்குக் கால் மணி மிச்சம் இருந்தது. நீங்கள் மெச்சிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன் சார்.

நீங்கள் வாசலிலேயே நின்றிருந்தீர்கள். தொப்பி கையில் இருந்தது.

"இப்போ என்ன மணிடா?"

"இன்னும் நாலு ஆவலையே சார். முன்னாடியே வந்துட்டம்லா."

என் முகத்தைப் பார்த்தீர்கள். பியர் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். மறுபடி என் முகத்தைப் பார்த்தீர்கள். கடிகாரத்துக்குப் பின்னால் கப்பல் ஏணியை எடுத்துவிட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தது. நீங்கள் என்னைத் திட்டவில்லை. உங்கள் கோட்டைக் கழற்றி, கையிலிருந்த வண்டிப் பட்டியல் தாளோடு சேர்த்து என் மேல் போட்டுவிட்டு, நாலு பேரையும் ஆபீஸ் லாஞ்சுப் படகில் ஏற்றிக்கொண்டு கப்பலைத் துரத்தினீர்கள்.

கரையிலிருந்து பார்த்தேன். கப்பல் பக்கவாட்டில் கயிற்றேணி போட்டார்கள். கடைசியாக அந்த அம்மா ஏறினாள், முழங்கை வரை களிமண்ணோடு. தான் செய்த ஈர விளக்கைப் புருஷனின் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை உங்களிடம் கொடுத்து, நீங்கள் கீழிருந்து நீட்ட, மேலே நின்று குனிந்து வாங்கினாள். விளக்கு உடையவில்லை. அந்தத் திட்டத்தில் உடையாமல் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் உங்கள் ஆபீஸ் வாசலில் நின்றேன். உள்ளே நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது பியூன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "டிரைவர் மேல் தப்பில்லை, எந்த டைம் என்று நான்தான் சொல்லவில்லை" என்றீர்களாம். வெளியே வந்து, "சரக்குப் பிரிவும் மோசமில்லைடா, மூட்டைகள் பானை பண்ண உட்கார்றதில்லை" என்றீர்கள். கோட்டையும் தாளையும் நீட்டினேன். கோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, "இனிமே எனக்கு எதுக்குடா அது" என்று போய்விட்டீர்கள். அதன் பிறகு காப்பிக் கடையில் எத்தனையோ தடவை உட்கார்ந்தோம். நீங்கள் தீக்குச்சியைத் தொட்டதே இல்லை.

ஒரு தடவை கேட்டேன். "சார், அன்னைக்கு எந்த டைம்னு சொன்னீகளா, சொல்லலையா?"

"எனக்கு ஞாபகம் இல்லையேடா. உனக்கு?"

எனக்கும் குழப்பம்தான். சில நாள் நினைத்துப் பார்த்தால் நீங்கள் வாசற்படியில் திரும்பி நின்று "ஸ்டாண்டர்ட்" என்று சொன்ன மாதிரி இருக்கும். சில நாள் நீங்கள் திரும்பவே இல்லை. சொல்லியிருந்தால் தப்பு என்னுடையது, நீங்கள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். சொல்லவில்லையென்றால் நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள். தாளில் பதில் இருக்கும் என்று நம்பினேன். அதனால்தான் யாரிடமும் கொடுக்கவில்லை. பயம் என்று சொன்னேனே, இதுதான். நீங்கள் சான்பாடாவில் மகன் வீட்டில் கடைசியாகப் படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். அன்றும் கேட்க நினைத்து, காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன புதன்கிழமை தாளைப் பிரித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க முற்பகல் முழுவதும் ஆயிற்று. உங்கள் கையெழுத்து குண்டு குண்டாக, எனக்காகவே எழுதிய மாதிரி இருந்தது. ஒன்றாம் வண்டி, மலபார் ஹில், திரும்ப மூன்றரை, ஸ்டாண்டர்ட். இரண்டாம் வண்டி, மார்க்கெட், மூன்றே முக்கால், ஸ்டாண்டர்ட். ஏழு வண்டிக்கும் அப்படியே, ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போட்டு. எட்டாவது வரிக்கு வந்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

எட்டாம் வண்டி, தாராவி, சுடலை. மணி எதுவும் எழுதவில்லை. பக்கத்தில் இப்படி இருந்தது: "வாயால் சொன்னால் போதும். மறக்க மாட்டான்."

திரும்பத் திரும்பப் படித்தேன். என்னைப் பற்றி ஒருவர் எழுதியதை நான் படிப்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் மருமகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "அப்ப தப்பு யாரு மேல மாமா?" என்றாள். தெரியவில்லை. படிக்கத் தெரியாதபோது இருந்த அதே இடத்தில்தான் இப்போதும் நிற்கிறேன்.

டம்ளரை மறக்கவில்லை சார். டபராவை, ஒடிந்த குச்சியை, தொப்பிக்குள் இருந்த விளக்கை, எதையும் மறக்கவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. டாக்டர் பத்து மணிக்கு வரச் சொன்னாலும் சரி, பேத்தி ஆறு மணிக்கு வருவேன் என்றாலும் சரி, "எந்த டைம்?" என்று என் வாய் கேட்டுவிடுகிறது. ஊரில் இப்போது ஒரே டைம்தான் என்று சொல்லிச் சொல்லி வீட்டில் ஓய்ந்துவிட்டார்கள்.

உங்கள் தாளை மடித்துக் கோட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன். எட்டாவது வரியில் மணி எழுதாமல் நீங்கள் விட்ட இடம் காலியாக இருந்தது. நான் அதில் எதுவும் எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்போது மணி நாலு. ஸ்டாண்டர்ட் டைம்.

சுடலை