நாலாம் பக்கத்துக் குறிப்பு

மீஞ்சூர் ஸ்டேஷன் வாசல். ஜூஸ் கடைக்காரர் ஐஸ் பாரை ஈரச் சாக்கால் போர்த்திக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கு வாடை. ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

நீங்கள் இறந்து ஆறு வாரம் ஆகிறது அண்ணே.

பழவேற்காட்டில் நீங்கள் ஐஸ் கம்பெனியின் கணக்கர். நான் மீஞ்சூர் தலைமை அலுவலகத்தில் சீனியர் அக்கவுண்டன்ட். ஐஸ், இறால், லாரி. மூன்று கம்பெனிக்கும் ஒரே முதலாளி. மூன்றின் கணக்கையும் ஒன்றாக்கி அவர் மேசைக்கு அனுப்புவது என் வேலை. உங்களுடையது மட்டும் எப்போதும் நஷ்டம். மூடிவிடலாம் என்று பேச்சு. அந்த வருஷக் கணக்கை வைத்து முடிவு செய்வார்கள்.

நீங்கள் போன் செய்தீர்கள். "மேடம், ஏசி ரூம விட்டு ஒரு நாள் வாங்க. எங்க நஷ்டத்த கண்ணால காட்றேன்."

மே மாதம். ஐஸ் வண்டியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ஆலையில் எடை போட்டபோது ஒரு பார் ஐம்பது கிலோ. உங்கள் ஐஸை வாங்கும் இறால் கம்பெனி கேட்டில் நம்மை நிறுத்தினார்கள். அவர்களுடைய லாரிகள் முதலில் போக வேண்டுமாம். டச்சுக் கல்லறைச் சுவரோரம் காத்திருந்தோம். வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் வாட்சைப் பார்த்தேன். நீங்கள் தண்ணீரைப் பார்த்தீர்கள்.

"உள்ள படுத்துனுகீறாங்களே வெள்ளக்காரனுங்க, அவனுங்களும் கணக்கு எய்தி செத்தவனுங்கதான் மேடம். அவனுங்களயும் எவனாவது இப்டி நிக்க வச்சிருப்பான்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து எடை போட்டார்கள். நாற்பத்து நாலு. கேட்டில் இருக்கும் எடைக்குத்தான் அவர்கள் காசு கொடுப்பார்கள். உருகிய ஆறு கிலோவின் நஷ்டம் உங்கள் தலையில்.

"நிக்க வச்சது அவங்க. உருகுனது மட்டும் எங்களுதா? இன்னா மேடம் நியாயம்? பத்தொம்போது குடும்பம் இத்த நம்பி கீது. நிக்க வச்சத மட்டும் எய்துங்க."

"எழுதுறேன் அண்ணே" என்றேன்.

மறுநாள் நாலு மணிக்குக் கூட்டம். இறால் கம்பெனியைப் பார்த்துக்கொள்பவர் முதலாளியின் மைத்துனர். அவரும் அந்த அறையில் இருப்பார். முதல் பக்கத்தில், உங்கள் நஷ்டத் தொகைக்குக் கீழே, ஒரு வரி தட்டினேன். 'இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி, இறால் கம்பெனி வாசலில் காக்க வைத்ததால் உருகியது.' அழித்தேன். மறுபடி தட்டினேன். மூன்றே முக்காலுக்கு அந்த வரியை நாலாம் பக்கத்துக்கு நகர்த்தினேன். சிறிய எழுத்துக் குறிப்புகளுக்குள். தேய்மானத்துக்கும் வரி வழக்குக்கும் நடுவே.

பொய் இல்லை. மறைக்கவும் இல்லை. ஆனால் நாலாம் பக்கத்தை யாரும் திருப்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

யாரும் திருப்பவில்லை. பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

சாயங்காலம் கூப்பிட்டீர்கள். "எய்தினீங்களா?"

"எழுதினேன் அண்ணே."

எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பீர்கள்.

ஜூனில் ஆலையைப் பூட்டினார்கள். நீங்கள் காட்டுப்பள்ளியில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஆட்களின் வருகை எழுதப் போனீர்கள். வருஷத்தில் இரண்டு முறை போன் செய்தீர்கள். ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்தேன். நீங்கள் என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தீர்கள்.

காரியத்தன்று லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு பயப்படாம எய்திச்சு, அவனுங்கதான் கண்ணத் தொறக்கலன்னு சொல்லினே இருப்பாரும்மா."

சுற்றிலும் பழைய ஐஸ் ஆட்கள். பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பயப்படாத பொண்ணு. அந்தக் குப்பத்தில் எனக்கு இப்போது அதுதான் பெயர். மறுக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் அண்ணே.