எழுபது கிரெயின்

டிசம்பர் 6

மெர்ல் தன் கையால் செய்த, குழல் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் திணிக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கியை இன்று என்னிடம் தந்துவிட்டுப் போனான். என் மனைவி லோரீனின் தம்பி. துப்பாக்கி செய்யத் தெரியும், உட்கார்ந்து அளவு பார்க்கப் பொறுமை கிடையாது. "எவ்வளவு மருந்து போட்டா ஆபத்தில்லாம நேரா போகும்னு பாத்துக் குடு மச்சான். துப்பாக்கி கிளப்ல உன்ன விட்டா யாரு?" கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மான் வேட்டை. பென்சில்வேனியாவில் எதை மாற்றினாலும் அதை மாற்றமாட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

டிசம்பர் 13

ஐம்பது கிரெயின் எடை மருந்தில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றினேன். அளவுக்கு மூன்று குண்டு, வெடிக்கு ஒருமுறை குழலைத் துடைத்து. எழுபதில் மூன்றும் இலக்கில் ஒரு கோப்பை வாய் அகலத்துக்குள் அடங்கின. எண்பதில் சிதறின. எழுபதுதான்.

டிசம்பர் 14

எழுதக் கை கூசுகிறது.

கிளப்பில் கூடச் சுடுகிற ஹார்லன் பார்த்துக்கொண்டிருந்தான். குண்டுகளை இன்னும் நெருக்கமாக விழவைத்து அவனுக்குக் காட்டலாம் என்று தடித்த துணி சுற்றிக் குண்டைத் திணித்தேன். துடைக்காமல் ஐந்தாவது வெடி அது. குண்டு அடிவரை போகாமல் வழியிலேயே இறுகி நின்றுவிட்டது. மருந்தின்மேல் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன் — நினைத்தேனா? குண்டு அடியைத் தொட்டதா என்று பார்க்கத் திணிக்கும் கோலில் நானே கீறிய கோடு குழல் வாய்க்கு மேலே ஒரு சாண் நின்றிருக்கும். பார்க்கவில்லை. பேசிக்கொண்டே சுட்டேன்.

வீட்டில் துடைக்கும்போது துணி ஓரிடத்தில் தொளதொளவென்று போனது. குழல் அங்கே மோதிரம்போல் வீங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிகிறது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விடாதே என்று முப்பது வருஷமாகப் புதியவர்களுக்குச் சொல்கிறவன் நான்.

டிசம்பர் 20

திருப்பிக் கொடுத்துவிட்டேன். "எழுபது போடு. தங்கமான துப்பாக்கி" என்றேன். ஏன்டா சொல்லல?

டிசம்பர் 25

மெர்ல் வீட்டில் விருந்து. எனக்குப் பக்கத்து நாற்காலியில் அவன் மகள் ட்வைலா, பத்தொன்பது வயது. "நாளைக்கு அத நான் எடுக்கல, இவதான் எடுக்கிறா. மாமா அளவு பாத்த துப்பாக்கி, பயமே இல்ல" என்றான் மெர்ல்.

அடுத்த வெடியிலேயே குழல் பிளக்கலாம். நூறு வெடிக்கும் பிளக்காமல் இருக்கலாம். பிளந்தால் அவள் இடது கை அங்கேதான் இருக்கும். நான் பன்றித் தொடையை இரண்டாம் முறை வாங்கித் தின்றேன். சீ.

டிசம்பர் 26

விடியும்போது போய் நின்றேன். வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். மெர்ல் கோலில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டுத் தானே பார்த்தான்.

"கெடுத்தது பரவால்ல மச்சான், யாருக்கும் நடக்கும். நேத்து அவ பக்கத்துல ஒக்காந்து தின்ன பாரு, அதான்."

ட்வைலா கையுறையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 31

மெர்ல் புதுக் குழல் போட்டுவிட்டான் என்று லோரீன் சொல்லித்தான் தெரியும்.

மத்தியானம் மேட்டுக்கு அந்தப் பக்கம், மெர்ல் வீட்டுத் திசையில் வெடிச் சத்தம். நெடுநேரம் கழித்து இன்னொன்று. நிதானமாகத் துடைத்துத்தான் சுடுகிறான். புதுக் குழலுக்கு அளவு பார்க்க என்னைக் கூப்பிடவில்லை. சமையலறைக் கதவைத் திறந்து நின்றேன்.

"குளிர் உள்ள வருது, சாத்து" என்றாள் லோரீன்.

இன்னும் ஒன்று கேட்டுவிட்டுச் சாத்துகிறேன் என்றேன்.