எருமையைக் கேட்காத கடிதம்

அடி அண்ணாமலை
7.12.1971

அன்புள்ள மாமாவுக்கு உங்கள் பெண்டாட்டி தனம் எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியம். நீங்களும் கண்ணாயிரம் அண்ணனும் முழு உடம்போடு இருந்தால் அதுவே போதும்.

தீபம் முடிந்த கையோடு சண்டை வந்துவிட்டது. தபாலாபீஸ் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கிணற்றடியில் இரண்டு பெண்கள் பேசுகிறார்கள், பின்னால் ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரன் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ‘உங்கள் ஒரு சொல் எதிரிக்கு ஒரு தோட்டா. ரகசியம் காப்பீர்’ என்று எழுத்து. டீக்கடை ரேடியோ முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை நடத்துகிறார்களே ஆம்பளைகள், அவர்களைப் படம் போட ஆளில்லையா? எதிரி விமானத்துக்குத் தெரியாமல் விளக்கையெல்லாம் மறைக்கச் சொன்னால் மலைத் தீபத்தை எந்தத் துணி போட்டு மூடுவது என்று பக்கத்து வீட்டுச் சரசு கேட்கிறாள்.

கண்ணாயிரம் அண்ணன் தன் பெண்டாட்டிக்குச் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. வழக்கம்போல பாஞ்சாலை வாசலில் நான்தான் படித்தேன். “எருமை நல்லா இருக்கா? அப்புறம், நீ நல்லா இருக்கியா?” என்று வந்ததும், “பார்த்தியாக்கா, எருமைக்கு அப்புறந்தான் நானு!” என்று திட்டினாள். திட்டிவிட்டு அதையே இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அவளுக்கு இது ஆறாம் மாதம். அவருக்கு எழுதத் தெரியாது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் கையும் என் வாயும்தான் அவர்கள் குடும்பம் நடத்துகின்றன.

தனம்

முகாம்
28.12.1971

அன்புள்ள தனத்துக்கு,

சண்டை முடிந்தது, ஜெயித்துவிட்டோம். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவிடம் சொல்.

இனிமேல் யார் கடிதத்தையும் தெருவில் வைத்துப் படிக்காதே. நீ கேலி செய்யும் அந்தப் போஸ்டர் சும்மா ஒட்டியதல்ல. எங்கள் முகாமிலும் அப்படி ஒன்று இருக்கிறது. கண்ணாயிரம் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பாஞ்சாலைக்குத் தனியாகப் படித்துக் காட்டு. ஏதாவது கேட்டால் ராணுவ ரகசியம் என்று சொல்லிவிடு.

ராஜமாணிக்கம்

அடி அண்ணாமலை
9.1.1972

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் பிழைத்ததற்கு உண்ணாமுலையம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். போடும்போதே மனசு சரியில்லை.

அண்ணன் கடிதத்தைப் படித்தேன். ‘நான் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். கவலைப்பட வேண்டாம்.’ அவ்வளவுதான். அந்த மனுஷன் என்றைக்கு இப்படிப் பேசியிருக்கிறார்? பாஞ்சாலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எருமைய கேக்கலையாக்கா?” என்றாள். “கேட்டிருக்காரு, இதோ கடைசியில” என்று காகிதத்தில் இல்லாத வரியை நானே படித்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். கண்ணாயிரம் அண்ணன் எங்கே?

தனம்

முகாம்
25.1.1972

தனம்,

உன்னிடம் மறைக்க முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். டிசம்பர் பதினொன்றாம் தேதி ஆற்றைக் கடந்ததிலிருந்து கண்ணாயிரத்தைக் காணவில்லை. விசாரணை முடிகிறவரை யாரும் இதைப் பற்றி ஊருக்கு எழுதக் கூடாது என்று உத்தரவு. மீறினேன் என்று தெரிந்தால் வரவேண்டிய பிரமோஷன் போகும், தண்டனையும் கிடைக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீ சிப்பாய் பெண்டாட்டி. வாயை மூடிக்கொண்டு இரு. இது என் மேல் ஆணை.

ராஜமாணிக்கம்

அடி அண்ணாமலை
18.2.1972

மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன். ஆணையை மீறியதற்கு அண்ணாமலையார் தண்டித்தால் வாங்கிக்கொள்கிறேன், பாஞ்சாலையிடம் இன்னொரு வரி பொய் படிக்க என்னால் ஆகாது. எந்த ரெஜிமெண்ட் எங்கே போகிறது என்பது ரகசியம், ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தி புருஷன் என்ன ஆனான் என்பது எந்தச் சர்க்காருக்கும் ரகசியம் இல்லை, அது அவள் சொத்து.

அவள் முதலில் அழவில்லை. “எருமை வரி நீ சேர்த்ததா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கன்னத்தில் ஒன்று விட்டாள். உங்கள் பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டேன். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள் பாருங்கள், தெருவே கூடிவிட்டது.

மறுநாளே இரண்டு பேரும் பஸ் ஏறி வேலூர் பட்டாள ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த குமாஸ்தா சுவரைக் காட்டினார். அதே போஸ்டர், அதே கறுப்புக் கண்ணாடி. எட்டு மாத வயிற்றோடு அதன் முன்னால் போய் நின்றுகொண்டு பாஞ்சாலை சொன்னாள்: “சண்ட முடிஞ்சி ரெண்டு மாசம் ஆவுது. இன்னும் எந்த எதிரி சார் கேக்கறான்? பெத்துக்கப் போறவ நான் கேக்கறேன்.” ஆபீஸே எழுந்து பார்த்தது. குமாஸ்தா நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நேரில் பார்த்த ஒருவர் கையெழுத்துப் போட்டு எழுதினால் மனுவோடு மேலே அனுப்பலாம் என்றார்.

நீங்கள் பக்கத்திலேயே இருந்தவர். என்ன பார்த்தீர்களோ அதை எழுதுங்கள், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். மறுபடி அண்ணன் பெயரில் ஒரு கடிதம் வந்தால், அது யார் கையெழுத்து என்பதையும் சேர்த்துத் தெருவில் வைத்துப் படிப்பேன். பிரமோஷன் இல்லாத புருஷனோடு நான் குடித்தனம் பண்ணுவேன். இந்தப் பொய்யோடு வருகிறவருக்குச் சோறு போடமாட்டேன்.

தனம்

முகாம்
5.3.1972

அன்புள்ள தனத்துக்கு,

இதைத் தெருவில் வைத்தே படி, சத்தமாகப் படி. வேலூர் ஆபீசுக்கும் கொடு. முகாமுக்கு வெளியே தபாலில் போடுகிறேன். வருவது வரட்டும்.

பாஞ்சாலை, நான் ராஜமாணிக்கம் எழுதுகிறேன். டிசம்பர் பதினொன்றாம் தேதி காலையில் படகில் போகும்போது குண்டு விழுந்தது. கண்ணாயிரத்துக்கு நெஞ்சில் அடி. என் கையைப் பிடித்தான், நானும் பிடித்தேன். படகு கவிழ்ந்ததும் பிடி விட்டுப்போயிற்று. அவன் மேலே வரவே இல்லை. காணவில்லை என்று தனத்துக்கு எழுதியதும் பொய். கையை விட்டவன் நான் என்பதைச் சொல்லப் பயந்தேன்.

படகு ஏறும் முன்னால், ராத்திரி ஊருக்கு ஒரு கடிதம் எழுதித் தா என்று கேட்டான். என்ன எழுத வேண்டும் என்பதையும் சொன்னான். இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்தேன். அவன் சொன்னது இதுதான்:

“எருமை நல்லா இருக்கா? அப்புறம், நீ நல்லா இருக்கியா?”

சொன்னது கண்ணாயிரம்.
எழுதியது ராஜமாணிக்கம்.