மூடிய பெட்டியில் தெரிந்த முகம்

செவ்வாய்க்கிழமை. மழை விடவில்லை.

முத்தாபுதுப்பேட்டையில் இன்று ஓர் அடக்க ஆராதனையை நேரலையில் அனுப்பினேன். இறந்தவரின் மகள் ஸ்டெல்லாவால் துபாயிலிருந்து வர முடியவில்லை. அவளுக்காகத்தான் கேமரா. மழையில் நெட் விட்டுவிட்டு வந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்தால் திட்டு எனக்குத்தான். அதனால், படம் வராமல் போன இடத்தை அதற்கு முன் வந்த படத்தைக் கொண்டே நிரப்பும்படி மென்பொருளை வைத்திருந்தேன்.

முகத்தில் வெள்ளைத் துணி போட்டுப் பெட்டியை மூடினார்கள். சாயங்காலம் ஸ்டெல்லா போன் செய்தாள்.

"அண்ணா, பெட்டிய மூடின அப்புறமும் அப்பா மூஞ்சி தெரிஞ்சுகினே இருந்துச்சு."

"அது பழைய படம்மா. நெட்டு போச்சுன்னா முன்னாடி வந்ததையே காட்டிகினு இருக்கும்."

"இருக்கட்டும்ணா. கண்ணத் தொறந்து என்னையே பாத்துகினு இருந்தாரு. எனக்கு அது போதும். போட்டோ புடிச்சு வச்சிருக்கேன், அனுப்பறேன்."

அவள் அழவில்லை.

கேமராவில் பதிவானதை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை அவர் கண் மூடியே இருக்கிறது. அந்த மென்பொருளுக்குப் புதிதாக எதையும் வரையத் தெரியாது. முன்பு வந்ததை மட்டும்தான் திரும்பக் காட்டும்.

போட்டோ வந்துவிட்டது. திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.