தகரக் கோப்பையில் வைன்

பெப். 3, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். பதுளையில் கிளினிக். பஸ்ஸில் நின்றே பயணம். இறக்கத்தில் ஒரு பெண் வாந்தி.

வாய்ப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்து மாதக் கணக்காகிறது. புண் ஆறிவிட்டது. நாக்குதான் செத்துக் கிடக்கிறது. சோறு, சம்பல், தேத்தண்ணி, எல்லாம் ஒரே இரும்பு. டொக்டர் சொன்னது: "இவ்வளவு நாள்ல ருசி திரும்பியிருக்கணும். இனி வந்தா நல்லது."

வெளியே மருந்து எடுக்கும் இடத்தில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு விஷயம் சொன்னார். "எவர்சில்வர்ல குடிக்காதீங்க ஐயா, இரும்பு ருசி கூடும். கண்ணாடி, பிளாஸ்டிக் ஏதாச்சும் பாவிச்சுக் குடிங்க." கூட வந்த என் பெண்சாதி லெட்சுமிக்கு முகமெல்லாம் வெளிச்சம். இனி வீட்டில் என்ன நடக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வாங்கியவை: பருப்பு, சவர்க்காரம், பிளாஸ்டிக் கோப்பை இரண்டு (பச்சை. அசிங்கம்).

பெப். 5, வியாழன்

வெயில். எவர்சில்வர் எல்லாம் கட்டிலுக்கு அடியில். பச்சைக் கோப்பையில் தேத்தண்ணி: இரும்பு போய்விட்டது, பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. வெறும் சுடுதண்ணி. கண்ணாடி கிளாஸில்: அதே சுடுதண்ணி, பார்க்க அழகு. பிறகு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தந்தாள் லெ. அதையும் குடித்தேன். அவளோடு சண்டை போடத் தெம்பில்லை.

மத்தியானம் பங்களா மெனேஜர் போன். முன்பு தோட்டத்துத் தொரை இருந்த பங்களா, இப்போது வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் ஹோட்டல். நான் அங்கே அப்பு, மேசை வேலைக்காரன். "அப்பு, அடுத்த கிழமை பெரிய கூட்டம் வருது. வைன் பாக்க ஆள் வேணும். உங்க நாக்கு சரியாயிருச்சா? ஞாயிறு கூப்பிடுறேன். இல்லாட்டி கொழும்புல இருந்து ஒருத்தர எடுக்கணும்."

மேசைக்குப் போகுமுன் ஒவ்வொரு போத்தலிலும் ஒரு வாய் குடித்து, புளித்ததா நல்லதா என்று பார்ப்பது என் வேலை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

பெப். 6, வெள்ளி

தூறல். லெ. கோயிலுக்கு. நான் போகவில்லை. சாமியோடு பேச்சில்லை.

வந்ததும் கேட்டாள். "பங்களாவுல எதுல ஊத்திக் குடிச்சுப் பாப்பீங்க?"

"என் கோப்பையிலதான்."

பங்களாக் குசினிக்குப் பின்னால் ஆணிகளில் வேலைக்காரர் எங்கள் கோப்பைகள் தொங்கும். தகரம். விருந்தாளி கிளாஸைக் கழுவுவோம், துடைப்போம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம், வாய் வைப்பதில்லை. தொரை காலத்து வழக்கம். இப்போது வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் யாரும் வைப்பதில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மா சொன்னார்: மெல்லிய கண்ணாடி உதட்டில் பட்டால்தான் வைனுக்கு வாசம், தகரம் அதைக் கொன்றுவிடும். "யெஸ் மேடம்" என்றுவிட்டு, பின்னால் போய் அதே வைனைத் தகரத்தில் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப சரியான கிளாஸ்ல நீங்க குடிச்சதே இல்ல. அதான்" என்றாள் லெ.

என்ன அதான்? கிளாஸை மாற்றினால் ருசி திரும்பிவிடுமா? எனக்கு வெறுப்பாக இருக்கிறது, அவள் நம்புவதைப் பார்க்க.

பெப். 7, சனி

குளிர். பஸ்ஸில் நின்று வந்த கால் வீக்கம் கொஞ்சம் குறைவு. பின்னேரம் லெ. பங்களாவுக்குப் போய், துவாயில் சுற்றி ஒரு வைன் கிளாஸும், யாரோ மிச்சம் விட்ட அரைப் போத்தல் சிவப்பு வைனும் கொண்டுவந்தாள். "குசினியில சொல்லிட்டுத்தான் எடுத்தேன். கிளாஸக் கழுவிக் குடுத்துருவேன்." நாளைக்குப் பார்ப்போம் என்றேன். பயம்.

பெப். 8, ஞாயிறு

மழை இல்லை. லெ. மேசையைத் துடைத்து கிளாஸை வைத்தாள். ஊற்றினேன். நல்ல நிறம். கிளாஸின் தண்டைப் பிடித்து, விருந்தாளிகள் செய்வதுபோல் சுழற்றினேன். சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள்.

குடித்தேன். உதட்டில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. வாயில் வைன் இருப்பதும் தெரியவில்லை. இன்னொரு வாய். தண்ணி.

அவள் முகத்தைப் பார்த்தேன். "இனிக்குது" என்றேன். "நல்ல போத்தல். வாசம்கூட வருது."

"நெசமாவா?" கிளாஸை வாங்கி அவளும் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணி, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. திறந்து எத்தனை நாளான போத்தலோ, புளித்து வினாகிரியாகப் போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

விழுங்கினாள். "ஆமாங்க. நல்லா இனிக்குது."

அப்போதுதான் மெனேஜரின் போன் அடித்தது. நான் எழும்புமுன் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மெதுவாகத்தான் பேசினாள். லயத்து வீட்டு மெல்லிய சுவரில் எல்லாம் கேட்கும்.

"வேற ஆள எடுங்க ஐயா. அவருக்கு இனி வராது."