பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்ற மில் வேன்

மார்ச் 17, செவ்வாய்

காலையிலேயே வெயில். காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் பிரயோஜனமில்லை, கம்பி சுட்டது.

செய்ய வேண்டியவை: ரெக்கார்டு நோட்டில் ஏழு புரோகிராம். ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ. அம்மா செருப்புக்கு வார். புராஜெக்ட் தலைப்பு, இன்றே கடைசி நாள்.

மூன்றாம் வருடத்தில் நானாக ஆசைப்பட்டு எடுத்த ஒரே பாடம் மொபைல் ஆப் உருவாக்கம். அந்த லேப் வாசலில் நம்பர் போட்ட அறைகளோடு ஒரு மரப்பெட்டி. உள்ளே நுழையும் முன் போனை அதில் வைத்துவிட வேண்டும். என் அறை 27. மொபைல் லேபுக்குள் மொபைல் ஆகாது. இதை நினைத்துத் தினமும் சிரிப்பது நான் மட்டும்தான் போல. எழுதும் ஆப்பை எமுலேட்டரில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதாவது கம்ப்யூட்டர் திரையில் வரும் ஒரு பொய்ப் போனில்.

லேப் சார் (இனி லே.சா.) ஒவ்வொரு குழுவையும் கூப்பிட்டுத் தலைப்பு எழுதினார். லைப்ரரி, லைப்ரரி, ஸ்டூடண்ட் அட்டெண்டன்ஸ், லைப்ரரி. எல்லாம் சீனியர்கள் பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போனவை. மேல்பட்டையின் நிறத்தை மாற்றினால் புது புராஜெக்ட். என் ஜோடி ரேவதியும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.

நான் ‘மில் வேன்’ என்றேன். லே.சா. நிமிரவேயில்லை. எங்கள் பெயருக்கு நேரேயும் லைப்ரரி என்றே எழுதிக்கொண்டார்.

மார்ச் 18, புதன்

ரேவதியோடு சண்டை. பெயிலானால் ஆளுக்கு ஒரு பேப்பர் அரியர், வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனி எதுவும் எங்களை உள்ளே விடாது என்கிறாள். அவள் சொல்வது சரிதான். சரியாக இருப்பதால்தான் எரிச்சலாக இருக்கிறது.

ஏன் மில் வேன் என்று அவளிடம் ஒருமுறை முழுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு ராஜபாளையம் மில்லில் ரெண்டாவது ஷிப்ட். வேன் சுந்தரபாண்டியத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வரும். எங்கள் நிறுத்தத்துக்கு ஒன்று பத்துக்கும் வரும், ஒன்று நாற்பதுக்கும் வரும், ரயில்வே கேட்டைப் பொறுத்தது. ஆளுக்காகக் காத்து நிற்காது. விட்டால் அன்றைய வேலை போச்சு. அதனால் ஒன்பது பெண்கள் பன்னிரண்டே முக்காலுக்கே போய் நிற்கிறார்கள். ரோட்டை அகலமாக்க இருந்த ஒரு வேம்பையும் வெட்டியாயிற்று. போன வாரம் செண்பகத்தக்கா அங்கேயே மயங்கி விழுந்தாள். தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பிறகு வந்த மில் வேனிலேயே ஏற்றி அனுப்பினார்கள்.

ரேவதி, “டிரைவர் ஒத்துக்கிடுவாராட்டி?” என்றாள். பாதி ஜெயித்தேன்.

மார்ச் 19, வியாழன்

புழுக்கம். லேப்டாப் ஃபேன் கிரைண்டர் மாதிரி இரைகிறது.

காலையில் வேன் டிரைவர் முருகேசண்ணனை அவர் வீட்டிலேயே பிடித்தேன். வேன் எங்கே இருக்கிறது என்று பெண்களுக்குத் தெரிந்தால் வெயிலில் நிற்க வேண்டாம், நீங்கள் கிளம்பும்போது உங்கள் போனில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பயம் வேறு.

“பாப்பா, மேப்புல புள்ளி காமிக்கும்லா? நான் எந்தக் கடைல நின்னு டீ குடிக்கேன்னு மேனேஜருக்கும் தெரிஞ்சுபோவும். பொறவு எனக்கு யாரு பதில் சொல்லுவா?”

நியாயம். அங்கேயே உட்கார்ந்து மேப்பைத் தூக்கினேன். இப்போது திரையில் ஒரே ஒரு பெரிய எண்: வேன் நம்மிடமிருந்து எத்தனை கி.மீ. அவ்வளவுதான். பாஸ்வேர்டு கிடையாது, இங்கிலீஷ் கிடையாது. ஒரு வாரம் அமுக்கிப் பார்க்கிறேன் என்றார்.

இரண்டு நாள் செய்த மேப். அழித்தாயிற்று.

மார்ச் 21, சனி

ஒன்பது பேரில் ஏழு பேர் போனில் ஏற்றியாயிற்று. இரண்டு பேரிடம் பட்டன் போன்தான். அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள்.

அம்மா ஆப்பை நம்பவில்லை. எண் ஏழு என்று காட்டும்போதே குடையோடு கிளம்பிவிட்டாள்.

லே.சா. மாதிரித் தேர்வில் பார்த்தார். மேப் இல்லாத வேன் ஆப்பா, லாகின் பக்கம் எங்கே, தமிழில் எழுதினால் வெளியிலிருந்து வருகிறவர் என்ன நினைப்பார். நோட்டுப்புத்தகத்தை மூடிவிட்டு, “ஓடுத புராஜெக்டைக் கொண்டாந்து வையி. இல்லன்னா ரெண்டு பேரும் அடுத்த வருசம் வந்து எழுதுங்க” என்றார். எல்லோர் முன்னாலும்.

இது ஓடுகிறது சார் என்றேன். வாய் நீளம் என்று பெயர் வாங்கினேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 23, திங்கள்

நாளை வைவா. எங்கள் முறை காலை பதினொன்றுக்கு. அந்த நேரத்தில் வேன் ஷெட்டில் தூங்கும். ரேவதி போய் இன்னொரு குழுவிடம் கெஞ்சி ஒரு மணிக்கு மாற்றி வாங்கிவிட்டாள். வேன் உண்மையில் ஓடும் நேரம்.

அவள் பையில் லைப்ரரி பென்டிரைவும் இருக்கிறது. பார்த்தேன். கேட்கவில்லை.

துப்பட்டா தேய்க்க. பேனா இரண்டு.

மார்ச் 24, செவ்வாய்

 வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எக்ஸ்டர்னல் ஒரு மேடம், வேறு ஊர்க் கல்லூரி. எங்களுக்கு முந்தின குழுவின் லைப்ரரி ஆப்பில் ‘உருவாக்கியவர்’ பக்கத்தைத் திறந்தார். போன வருடத்து அக்காவின் பெயர் அப்படியே இருந்தது. பார்த்துவிட்டு மூடினார். லே.சா. ரெக்கார்டு நோட்டைப் புரட்டினார்.

ஒன்று ஐந்து. எங்கள் முறை. எமுலேட்டரில் ஆப்பைத் திறந்தேன். பெரிய எண் வந்தது.

14,000 சொச்சம் கி.மீ.

உயிர் போய்விட்டது. பொய்ப் போன் தான் அமெரிக்காவில் இருப்பதாகவே எப்போதும் நினைத்துக்கொள்ளும். அங்கிருந்து வேனுக்குத் தூரம் கணக்குப் போட்டிருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் எங்கள் ஊருக்கு மாற்றி வைத்திருந்தேன். லேப் கம்ப்யூட்டரில் மாற்ற மறந்தேன். என் தப்புதான், வேறு யாருடையதும் இல்லை.

பின்னால் சிரிப்பு. “வேன் கப்பல்ல வருதாம்மா?” என்றார் லே.சா. ரேவதி என் முழங்கையைத் தொட்டாள். அவள் கை பைக்குள் போய்விட்டது, அந்தப் பென்டிரைவுக்குத்தான்.

காது இரண்டும் கொதித்தது. பயம் இருந்தது, கோபம் அதைவிட ஒரு படி மேலே. எழுந்து வாசலுக்குப் போய், பெட்டியில் 27-லிருந்து என் போனை எடுத்துக்கொண்டு வந்தேன். வை அதை என்றார் லே.சா. மேஜையில் வைத்தேன், மேடத்தின் முன்னால்.

“என்ன நடவடிக்கை வேணும்னாலும் பொறவு எடுங்க சார். செத்த நேரம் இதப் பாருங்க.”

திரையில் 13 கி.மீ., காலேஜிலிருந்து வேனுக்கு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 12 ஆனது. மேடம் கண்ணாடியைச் சரிசெய்தார். இது நிஜ வேன்தானா, எண்ணை நீங்களே ஓடவிட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“ஏட்டி, பரீட்சை நேரத்துல என்னத்துக்குப் போன் பண்ணுத?”

“எங்கம்மா இருக்க? வேன் எங்க இருக்கு?”

“வீட்டுலதான். இன்னும் மூணு கிலோமீட்டர்னு போட்டிருக்கு. சோத்தத் தின்னுட்டுப் போறேன். வெயில்ல போயி இப்பவே நின்னு என்ன செய்ய?”

 ரேவதியின் கை பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது.

அம்மா இந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஓடுவாள். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, மார்க் போடுகிறவர்கள் முன்னால் அழமாட்டேன்.

மேடம் நான்கு கேள்வி கேட்டார். வேன் ரயில்வே கேட்டில் நிற்கும்போது எண் மாறாமல் இருந்தால் பெண்கள் ஏமாறமாட்டார்களா என்ற கேள்வியை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டேன். யோசிக்க வேண்டும். ஏதோ எழுதினார், தெரியவில்லை.

போன் பறிமுதல்.

மார்ச் 25, புதன்

லே.சா. ஒரு தாளை நீட்டினார். விதியை மீறியதற்கு மன்னிப்புக் கடிதம், ஹெச்.ஓ.டி.க்கு. அதைக் கொடுத்தால்தான் போனும் மார்க்கும்.

எழுதியது: ‘24-ஆம் தேதி லேப் பெட்டியிலிருந்து என் போனை அனுமதியின்றி எடுத்தேன். மொபைல் ஆப்பை மொபைலில் காட்ட வேறு வழி இல்லை. ரேவதிக்கு இதில் பங்கில்லை.’ வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார். வருந்தவில்லை சார் என்றேன்.

ரேவதி அந்தத் தாளை இழுத்து, கடைசி வரியை அடித்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். லூசு.

ரயில்வே கேட்: ஐந்து நிமிடம் வேன் நகரவில்லை என்றால் ‘நிற்கிறது’ என்று காட்ட வேண்டும். இன்றே செய்ய. போன் இல்லாமல் எப்படிச் சோதிக்க? காலையில் அம்மா போனில்.

மார்ச் 26, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. அம்மா செருப்புக்கு வார் இன்னும் வாங்கவில்லை.

ஹெச்.ஓ.டி. அறை. எங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். போன் அவர் மேஜையில். ஒழுங்கு, விதி, பெற்றோர் என்று கொஞ்ச நேரம். பிறகு கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, “ஏம்மா, நம்ம காலேஜ் பஸ்ஸுக்கும் இது ஓடுமா? பிள்ளைங்க ரோட்டுல நிக்காம பாத்துட்டு வரலாம்லா?” என்றார்.

“ஓடும் சார். பிள்ளைங்க கைல போன் இருக்கணும்.”